தண்ணீர் மணியும் தாழ்ப்பாளும்

பிரசங்கம் செய்வதென்றால் நமக்கு அளவில்லாத பிரியம். இதில் வியப்பு ஒன்றுமில்லை. இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து வருகிறோம். நாற்பது பிள்ளைகள் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கத் தாம் ஒருவரே பேசிப் பழகிய மனிதருக்கு, உலகத்திலுள்ள தீமைகளெல்லாம் ஒரு நல்ல பிரசங்கத்தினால் ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை உண்டாவது இயற்கையே. அந்த நம்பிக்கையை நாம் எவ்வாறு இழந்தோம் என்பதையே இங்கே சொல்லப் போகிறோம். இழந்ததனால் நமக்கு நஷ்டமில்லை, லாபந்தான்.

பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிப்பதற்கென்று தனியே மணி அடிக்கும் வழக்கத்தை நேயர்கள் அறிந்திருக்கலாம். 2019-ஆம் ஆண்டில் கேரள தேசத்தில் இது பரவிற்று. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் உத்தரவாயிற்று. நம் பள்ளியிலும் மணி கணீரென்று அடித்தது. பையன்கள் மடமடவென்று குடித்துச் சட்டையையும் நனைத்துக்கொண்டார்கள். பெண்களோ பாட்டிலை வாயருகே கொண்டுபோய், உதட்டை மாத்திரம் நனைத்துவிட்டு, மூடி வைத்தார்கள். காலையில் நிறைந்து வந்த பாட்டில் மாலையிலும் ஏறக்குறைய நிறைந்தே திரும்பிற்று. நாம் இதைக் கண்டோம். "குடியுங்கள், குடியுங்கள்!" என்று உபதேசித்தோம். மேலும் பத்து நிமிஷம் தண்ணீரின் மகிமையை எடுத்துரைத்தோம். பெண்கள் பணிவுடன் கேட்டார்கள். பாட்டில்கள் மட்டும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலைப் பிரார்த்தனையின்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பில் தண்ணீர் போதவில்லை என்றும் டாக்டர் கண்டித்தாராம். அவள் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரத்திலேதான் மாவட்டத் தலைநகரில் ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்கு ஓர் ஆசிரியரை அனுப்பும்படி கடிதம் வந்தது. ஆரோக்கியத்துக்காகத் திட்டம் வகுப்பது எப்படி, வகுத்ததை நடத்துவது எப்படி என்பது பயிற்சியின் பொருள். தலைமை ஆசிரியர் நம்மைப் பார்த்து, "உங்களைவிட இதற்குத் தகுந்தவர் யார்?" என்றார். அவர் கருதியது நம்முடைய தொண்டையை என்பதில் சந்தேகமில்லை.

புறப்படுமுன் முப்பது படங்கள் எழுதச் செய்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு வாசகம், ஒரு வியப்புக்குறி. ஊர்வலம், கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று திட்டமும் தயார். பயிற்சி மண்டபத்தில் ஆசிரியர்களும் கிராமச் செவிலியர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினருமாக முப்பது பேர் கூடியிருந்தோம். பயிற்சி அளித்தவர் ஓர் அம்மையார். பல வருஷம் கிராமம் கிராமமாகத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அதிகம் பேசாதவர். அவருக்கு முன்னால் நம் திட்டத்தைச் சாங்கோபாங்கமாகப் படித்து முடித்துவிட்டுக் கரகோஷத்தை எதிர்பார்த்து நின்றோம்.

அம்மையார் கேட்டார்: "ஸார், தண்ணீர் குடிப்பது நல்லது என்று உங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நன்றாகத் தெரியும். சின்ன வகுப்பிலிருந்தே பாடத்தில் இருக்கிறது."

"அப்படியானால் தெரிந்ததையே திரும்பச் சொல்வதற்கா முப்பது படம்? தெரிந்தும் ஏன் குடிக்கவில்லை என்று யாரையாவது கேட்டீர்களா?"

கேட்கவில்லை. இருபது வருஷமாகக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்த நாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

அன்றிரவு விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். நம் மகள் நாம் போதிக்கும் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு வாசிக்கிறாள். "ஏன் அம்மா, பள்ளிக்கூடத்தில் நீ ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?" என்று கேட்டோம். சற்று நேரம் மௌனம். பிறகு, "அம்மாவிடம் சொல்கிறேன், அப்பா" என்று சொல்லித் தாயாரிடம் கொடுத்துவிட்டாள்.

நம் மனைவியார் சொன்னது இதுதான்: "உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? பெண்கள் கழிப்பறையில் நாலு கதவு. மூன்றில் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை. ஒருத்தி போனால் இரண்டு பேர் வாசலில் காவல் நிற்க வேண்டும். குடித்தால்தானே போக வேண்டும்? அதனால் குடிப்பதில்லை. சாயங்காலம் வந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு இவள் எங்கே ஓடுகிறாள் என்று ஒரு நாளாவது பார்த்ததுண்டா?"

பார்த்ததுண்டு. மூன்று வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறோம். பையை ஒழுங்காக வைக்கத் தெரியாதா என்று பல நாள் கடிந்தும் இருக்கிறோம். பையைப் பார்த்தோமே தவிரப் பெண்ணைப் பார்க்கவில்லை. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

நிற்க. மறுநாள் அம்மையார் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். ஒன்று பிரசாரம், மற்றொன்று வக்காலத்து. ஜனங்களிடம் போய், 'நீங்கள் இப்படி நடக்க வேண்டும்' என்பது பிரசாரம். ஜனங்களின் பக்கம் நின்று, அதிகாரம் உடையவர்களிடம், 'இவர்கள் இப்படி நடப்பதற்குத் தடையாக இருப்பதை நீக்குங்கள்' என்பது வக்காலத்து. இரண்டும் வேண்டியவையே. ஆனால் வக்காலத்து வேண்டிய இடத்தில் பிரசாரம் செய்தால், நோயாளிக்கு நோயோடு குற்றமும் சேர்ந்துவிடுகிறது. "நீ குடிக்காததால்தான் விழுந்தாய்" என்று அந்தப் பெண்ணிடமே சொன்னவர்கள் எத்தனை பேர்! அவர்களில் நாமும் ஒருவர். கட்சிக்காரர் சொல்வதைக் கேளாமலே கோர்ட்டுக்குப் போய், கட்சிக்காரர்மேலேயே குற்றம் சாட்டிவிட்டு வரும் வக்கீலைப் போல நடந்துகொண்டிருந்தோம்.

1986-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கனடா தேசத்து ஒட்டாவா நகரில் கூடிய சர்வதேச மகாநாடு, ஆரோக்கியத்துக்காகப் பாடுபடுவோருக்கு மூன்று கடமைகளை வகுத்தது. பரிந்து வாதாடுவது ஒன்று. ஆரோக்கியமாக வாழ்வது ஜனங்களுக்கு இயலும்படி செய்வது மற்றொன்று. மாறுபட்டு நிற்கும் கட்சிகளை இணக்குவது மூன்றாவது. அறிவு புகட்டுவதற்கும் அந்தச் சாசனத்தில் இடம் உண்டு. எனினும் தலையான மூன்றில் உபதேசம் இல்லை என்பதை நாம் சிறிது வருத்தத்துடனேயே குறித்துக்கொண்டோம்.

நாம் சரித்திர ஆசிரியராதலால், அம்மையார் காட்டிய உதாரணங்கள் நம்மை மிகவும் கவர்ந்தன. 1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்தில் பிராட் தெருவைச் சுற்றி வாந்திபேதி ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர், இறந்தவர்கள் எந்த எந்த வீட்டினர், எங்கே தண்ணீர் எடுத்தவர்கள் என்று விசாரித்து, தெருவிலிருந்த ஒரு குழாயின்மேல் சந்தேகம் கொண்டார். அவர் தெருவில் நின்று, 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று பிரசங்கம் செய்துகொண்டிருக்கவில்லை. குழாயின் மேல் அதிகாரமுள்ள உள்ளூர்ச் சபையாரிடம் போனார். ஒரே ஒரு வேண்டுகோளை வைத்தார். செப்டம்பர் மாதம் 8-ஆம் தேதி குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதையும் அவரே நேர்மையாக எழுதி வைத்தார். அவர் கூற்றை முதலில் நம்பாத ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார், பொய்யென்று நிரூபிக்கவே வீடு வீடாக விசாரித்து, முடிவில் ஸ்நோவின் பக்கமே சேர்ந்தார். "எதிர்ப்பவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்" என்றார் அம்மையார்.

இதற்கு மாறாக, வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் 1847-ஆம் ஆண்டிலேயே பெரிய உண்மை ஒன்றைக் கண்டார். மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவியதும் பிரசவித்த தாய்மார்களின் மரணம் மிகவும் குறைந்தது. ஆனால் தம் கொள்கையை விரிவான நூலாக வெளியிட அவருக்கு 1861-ஆம் ஆண்டு வரையில் ஆயிற்று. மறுத்த வைத்தியர்களைக் கொலைகாரர்கள் என்று கடுமையாகத் தாக்கியும் எழுதினார். 1865-ஆம் ஆண்டில் இறந்தபோது வைத்திய உலகம் அவரைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. கேட்க வேண்டியவர் காதில் அது ஏறும்படி சொல்வது மறு பாதி. கிரிமியப் போரில் காயத்தால் மாண்ட சிப்பாய்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே அதிகம் என்பதை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1858-ஆம் ஆண்டில் வர்ணப் படமாக வரைந்து அதிகாரிகளுக்குக் காட்டினார். பட்டியலைப் புரட்டப் பொறுமையில்லாதவரும் படத்தைப் பார்ப்பாரல்லவா?

ஐந்தாம் நாள் நம் பழைய திட்டத்தைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒரே பக்கத்தில் எழுதினோம். அதில் ஆறு கேள்விகளே இருந்தன. துன்பம் யாருக்கு? அதன் காரணம் என்று அவர்கள் சொல்வது என்ன? அதை நீக்கும் அதிகாரம் யாரிடம்? அவரிடம் கேட்கும் ஒரே காரியம் எது? எந்தத் தேதிக்குள்? நடந்தது என்பதை எதை எண்ணி அறிவது? நேயர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 'விழிப்புணர்வு ஏற்படுத்துவது' என்று எழுதிவிட்டால் இந்த ஆறில் ஒன்றுக்குக்கூட விடை சொல்லாமல் தப்பிவிடலாம் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் எண்ணத் தொடங்கினோம். நாம் எண்ணக்கூடாது என்பது அம்மையாரின் கண்டிப்பான உத்தரவு. கணக்கு ஆசிரியை பெண்களுக்குப் பேரில்லாத துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தார். பள்ளியில் எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறாய், கழிப்பறைக்குப் போவதுண்டா, இல்லையேல் ஏன் என்று மூன்றே வினா. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் பள்ளியில் கழிப்பறைக்குப் போவதே இல்லை என்று எழுதியிருந்தார்கள். காலையில் எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலை ஐந்துக்குத் திரும்பும் பெண்கள் அவர்கள். காரணம் என்ற இடத்தில் பலரும் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்கள்: கதவு.

அதிகாரம் யாரிடம் என்று தேடியபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் முந்திய வருஷத்து மழைக்காலத்தில் எரிந்து போயிருந்தது. அதை ஊராட்சி பழுது பார்க்கும் என்று பள்ளியில் நினைத்தோம். பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்று ஊராட்சியில் நினைத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை; ஆகையால் யாரும் மறுக்கவுமில்லை. மறுத்திருந்தாலாவது ஒரு சண்டை மூண்டு காரியம் நடந்திருக்கும்.

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று விதிக்கிறது. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் குழு மாதந்தோறும் கையெழுத்திட்டு டீ குடித்துக் கலைவதை நாம் அறிவோம். அந்த மாதம் டீ ஆறிப் போயிற்று. நம் முப்பது படங்களின் முதுகுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவற்றில் ஒன்றைத் திருப்பி நான்கு கதவுகளை வரைந்து, மூன்றுக்குச் சிவப்பு மை தீட்டி, சீட்டுகளின் கணக்கையும் கீழே எழுதி, தாய்மார்களின் முன்னால் விரித்தோம். அவர்கள் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கள் வீட்டுப் பெண்ணும் இப்படித்தான் ஓடி வருகிறாள்" என்றார் ஒருவர்.

கிராம சபை கூடும் நாள் வந்தது. நாம் இரண்டு பக்கத்துக்கு ஓர் அருமையான பேச்சு எழுதி வைத்திருந்தோம். மயங்கி விழுந்த பெண்ணின் கதை அதில் வந்தது. கேட்டவர் கண்ணீர் விடாமல் இருக்க முடியாது. தொலைபேசியில் அம்மையாருக்குப் படித்துக் காட்டினோம். "அந்தப் பெண்ணின் அனுமதி உண்டா, ஸார்? கட்சிக்காரரின் மானத்தை விற்று வழக்கை ஜெயிக்கலாமா? அன்றியும் பேச வேண்டியவர் நீங்களும் அல்ல" என்றார். பேச்சைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். ஆயுளில் நாம் செய்த தியாகங்களுள் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

சபையில் நாற்று நடும் தொழில் செய்யும் ஒரு தாயார் எழுந்து நின்றார். குரல் முதலில் நடுங்கிற்று. "பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு மூன்று தாழ்ப்பாள். மோட்டாரைச் சரி செய்ய வேண்டும். தினம் ஒரு தடவை கழுவ ஓர் ஆள் வேண்டும். பொங்கலுக்குள் செய்து கொடுங்கள்." இவ்வளவுதான். பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்து, "கக்கூஸ் சமாசாரத்தையெல்லாமா சபையில் பேசுவது?" என்றார். நம் நாக்கு துடித்தது. 1901-ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரஸில், அசுத்தமாகக் கிடந்த கழிப்பிடத்தைத் தொண்டர்கள் தொட மறுத்தபோது, காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்தாரே என்று சொல்ல எழுந்தோம். அதற்குள் அந்தத் தாயாரே, "பேசாமல் இருந்து இருந்துதான் ஐயா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது" என்று சொல்லிவிட்டார். சபை அமைதியாயிற்று. நாம் மறுபடியும் உட்கார்ந்தோம். காந்தியடிகளே வந்திருந்தாலும் இதற்குமேல் சொல்லியிருக்க மாட்டார். தீர்மானம் எழுதப்பட்டது.

தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் வந்தது. மோட்டாருக்கு அலைய வேண்டியிருந்தது. நான்கு முறை மனு கொடுத்து, ஐந்தாம் முறை தாய்மார்கள் எண்மர் நேரிலேயே போய் உட்கார்ந்த பிறகு, பொங்கல் கழிந்து பத்து நாளுக்குப் பின் தொட்டியில் தண்ணீர் ஏறிற்று. கழுவும் பணியாளர் தினந்தோறும் வருவதில்லை. வாரத்தில் நான்கு நாள் வருகிறார். வழக்கில் முழு வெற்றி என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஒரு மாதம் சென்றபின் மறுபடியும் சீட்டுக் கொடுத்தோம். பள்ளியில் கழிப்பறைக்குப் போவதே இல்லை என்று எழுதியவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்கள் எழுதிய காரணம் புதியது: மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்திய துணியையும் பஞ்சுப் பட்டையையும் போட மூடியுள்ள கூடை இல்லை. நம் திட்டத்தில் இது இல்லவே இல்லை. முதல் கதவு திறந்த பிறகுதான் இரண்டாவது கதவு கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கு ஆசிரியை மறுநாளே ஆறு கேள்விகளையும் எழுதத் தொடங்கிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டன் குழாயின் கைப்பிடியை, கொள்ளைநோய் அடங்கிய பிறகு மறுபடியும் மாட்டிவிட்டார்கள்! காரியம் ஆனவுடன் கலைந்துபோனால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். மூன்று மாதம் கழித்து நம் மோட்டாரும் மறுபடி மக்கர் செய்தது. ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கழிப்பறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். தண்ணீர் நின்ற தேதியும் மணியும் அதில் ஏறிற்று. அன்று மாலையே அது ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிற்று. மூன்றாம் நாள் மோட்டார் ஓடிற்று. அந்தப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி வருகிறவள் யார் என்பதை நாம் சொல்லப் போவதில்லை. அவள் இப்போது பிரார்த்தனையில் முதல் வரிசையில் நிற்கிறாள் என்று மாத்திரம் சொல்லலாம்.

நம் வீட்டிலும் சிறு மாறுதல் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. நம் மகள் மாலையில் வந்ததும் ஓடுவதில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே தாயாரிடம் காப்பி கேட்கிறாள். பையை இன்னமும் வாசலில்தான் போடுகிறாள். நாம் இப்போது கடிந்துகொள்வதில்லை. எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பெண் இருக்கக்கூடும். அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலை மாலையில் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால், தயவு செய்து அவளுக்கு உபதேசம் செய்யாதீர்கள். அந்த வேலையை நாங்கள் வேண்டுமளவு செய்தாயிற்று. ஏன் என்று மட்டும் கேளுங்கள். உங்களிடம் சொல்லக் கூசினால் தாயாரிடம் சொல்லட்டும். பிறகு அவளுடைய வழக்கை எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டியவரிடம் போய்க் கேளுங்கள்.